ஆள்மயக்கமும் தெரிந்தெடுக்கப்பட்ட தலைவனும்

மாயப் புனைகதைகளில் பயின்று வரும் கதைக்கூறுகளுள் இரண்டு இங்கு ஆராயப்பெறுகின்றன. நாட்டை ஆளவோ உலகைக் காக்கவோ ஒருவன் முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டுள்ளான் என்பது ஒன்று. ஒருவனை வேறொருவனாகக் கருதும் ஆள்மயக்கம் மற்றொன்று. இவை பெரும்பாலும் இணைந்தே வருகின்றன. ஆள்மயக்கம் கதைச்சுவைக்காகச் சேர்க்கப்பட்ட உத்தியே என்றும், இக்கதைகள் யாவும் குடிப்பிறப்பின் உயர்வையே போற்றுவன என்றும் கருதுவோர் உளர். மயங்குவோர் யாவர் என்னும் வினாவோடு மூன்று நூல்களைக் கால முறையில் நோக்கின், இக்கருத்துகள் முழுதும் பொருந்தாமை புலனாகும்.

1. வாள் காட்டிய மன்னன்

சர் தாமஸ் மாலரி ஆங்கிலத்தில் எழுதிய ஆர்தர் கதை 1485-இல் காக்ஸ்டனால் அச்சிடப்பெற்றது. அதில் ஆர்தரின் தோற்றமே ஆள்மயக்கத்தில் அமைகிறது. மெர்லினின் மாயத்தால் ஊதர் மன்னன் கோமகன் ஒருவனின் வடிவங்கொண்டு அவன் மனைவி இகிரெய்னை அடைகிறான். பிறந்த மகவு எக்டர் என்னும் வீரனிடம் மறைவாக வளர்கிறது. தமையனாகக் கருதப்பட்ட கே தன் வாளை மறந்து வந்தமையால், அதற்கு மாற்றாகவே கல்லில் செருகியிருந்த வாளை ஆர்தர் எடுத்து வருகிறான். அதனைக் காட்டித் தானே அரசன் என்கிறான் கே. தந்தை ஆணையிட்டு வினவியபின் உண்மை கூறுகிறான். எக்டர் தன்முன் மண்டியிட்டபோது, அரசு பெற்ற மகிழ்ச்சியினும் தந்தையை இழந்த துயரே ஆர்தர்க்கு முன்நிற்கிறது. பெருமக்களோ பெந்தெகொஸ்தே திருநாள் வரை அவனை ஏற்கத் தயங்குகின்றனர்.

ஈண்டு மயங்குவோர் மக்கள், வாள் மயங்கவில்லை. மறைந்திருந்த குடிப்பிறப்பை அது வெளிப்படுத்துகிறது. கழுமலத்து யானை கருவூர் சென்று கரிகாலனைக் கொணர்ந்ததாகப் பழமொழி நானூறு குறிப்பிடுவதும் இவ்வகையினதே.

2. குடிப்பிறப்பு அறியாத் தலைவன்

அமெரிக்க எழுத்தாளர் லாயிட் அலெக்சாண்டர் வேல்ஸ் நாட்டுத் தொல்கதைகளைத் தழுவி 1964 முதல் 1968 வரை ஐந்து நாவல்கள் எழுதினார். அவற்றின் தலைவன் தாரன், பன்றி காக்கும் பணியில் உதவியாள். தன் பெற்றோர் உயர்குடியினராய் இருத்தல் வேண்டும் என விழைந்து, 1967-இல் வெளிவந்த நான்காம் நூலில் அவன் அவர்களைத் தேடி அலைகிறான். ஏழை ஆட்டிடையன் கிராடாக் தானே தந்தை என்கிறான். தாரன் ஏமாற்றமும் நாணமும் கொண்டும் அவனுக்காக உழைக்கிறான். பின்னர், தான் உரைத்தது பொய் என்று கிராடாக்கே ஒப்புக்கொள்கிறான். இறுதி நூலில் தாரன் பேரரசன் ஆகிறான். ஆயினும் போர்க்களத்தில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்பதற்கு மேல் அவன் பிறப்புப் பற்றி எதுவும் வெளிப்படுவதில்லை. முன்னறிவிப்பு கூறியவை அவன் செய்த செயல்களே.

இங்கு மயங்குபவன் தலைவனே. தன்னைப் பற்றியே மயங்குகிறான். அம்மயக்கம் தீரும்போது குடிப்பெருமை வெளிப்படவில்லை. அதனை நாடிய வேட்கையே ஒழிகிறது. பெரியபுராணத்து மூர்த்தி நாயனாரையும் ஈண்டு நினைத்தல் தகும். மதுரை மன்னன் வழித்தோன்றலின்றி இறக்க, கண் கட்டி விடப்பட்ட யானை எடுத்து வந்தது மறைந்து வாழ்ந்த இளவரசனை அன்று. இறைவனுக்குச் சந்தனம் அரைத்த வணிகரை.

3. இருவர்க்குப் பொருந்திய முன்னறிவிப்பு

ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்கள் ஏழும் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. 2003-இல் வந்த ஐந்தாம் நூல் ஒரு முன்னறிவிப்பை விளக்குகிறது. சூலைத் திங்கள் இறுதியில், பகைவனை மும்முறை எதிர்த்து நின்ற பெற்றோர்க்குப் பிறப்பவனே அவனை வெல்லும் ஆற்றல் பெறுவான் என்பது அது. இவ்வடையாளங்கள் ஹாரிக்கும் நெவில் லாங்பாட்டத்துக்கும் ஒருங்கே பொருந்துகின்றன. அதன் ஒரு பகுதியை மட்டும் அறிந்த வால்டெமார்ட் ஹாரியைத் தாக்குகிறான். அத்தாக்குதலே ஹாரியைத் தெரிந்தெடுக்கப்பட்டவன் ஆக்குகிறது. இங்கு அறிகுறியே இருபொருள் படுகிறது. அதற்கு ஒருபொருள் கற்பிப்பது மனிதன் செயல்.

ஏழாம் நூலில், பகைவனின் உயிர்க்கூறு ஒன்றைத் தாங்கிய பாம்பை வாளால் வெட்டி வீழ்த்துபவன் நெவில். மாலரியின் கதையில் தெரிந்தெடுக்கப்பட்டவனைக் காட்டிய வாள், இங்கே தெரிந்தெடுக்கப்படாதவன் கைக்கு வருகிறது. அரசாளும் குறி இளையோனுக்கே உண்டென நிமித்திகன் உரைப்ப, தமையன் செங்குட்டுவன் பொருட்டு அரசு துறந்தார் இளங்கோவடிகள் எனச் சிலப்பதிகாரம் கூறும். குறி கூறியதைச் செயல் மாற்றவல்லது என்னும் கருத்து நமக்குப் புதிதன்று.

முடிவுரை

மக்களிடத்து இருந்த மயக்கம் தலைவனிடத்துச் சென்று, பின் அறிகுறியிடத்தே சென்றமை மேற்கண்டவற்றால் பெறப்படும். மயக்கம் இடம் மாறுந்தோறும் தலைமையின் அடிப்படையும் மாறுகிறது: முதற்கண் பிறப்பு, அடுத்துச் செயல், பின்னர் ஒருவர் செய்யும் தெரிவு. எனவே ஆள்மயக்கம் வெறும் கதையுத்தி அன்று. ஆளும் உரிமை எதனால் வருகிறது என்னும் பழவினாவைக் கதை எழுப்பும் இடமே அஃது ஆகும்.