பழைய படகு இயந்திரத்தில் தண்ணீர் பம்ப் இம்பெல்லரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

தெலுக் இந்தான் பக்கம் உடாங் காலா பிடிக்கவும், சுங்கை பெர்ணம், பாகான் டத்தோ முகத்துவாரங்களில் தூண்டில் போடவும் போகும் நம்மவர்களில் பலரிடம் இருப்பது 15 குதிரைத்திறன் கொண்ட பழைய டூ-ஸ்ட்ரோக் இயந்திரம்தான். கைமாறிக் கைமாறி வந்ததாக இருக்கும். முறையாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆனால் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு ரப்பர் சக்கரம் பழுதானால், ஒரே பயணத்தில் இயந்திரம் முழுவதும் போய்விடும்.

அந்தச் சக்கரம்தான் இம்பெல்லர். ப்ரொப்பெல்லருக்குச் சற்று மேலே, கீழ்க்காலுக்குள் மறைந்திருக்கும். செங்குத்தான டிரைவ் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழன்று, ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி மேலே சிலிண்டரைச் சுற்றி அனுப்புவது இதன் வேலை. தண்ணீர் போகாவிட்டால் அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து, எண்ணெய்ப் படலம் கருகி, சிலிண்டரோடு இறுகிவிடும். நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தில் இது நடந்தால் படகு கடல் பக்கம் இழுத்துச் செல்லப்படும். உயிர்காப்பு அங்கி போடாதவர்களுக்கு அதன் பிறகு நடப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இயந்திரம் ஓடும்போது பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து பீச்சும் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். அது மெலிந்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ, கை பொறுக்காத சூட்டில் வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். ஆனால் எடுத்தவுடன் பம்பைக் கழற்றிவிடக் கூடாது. பல நேரங்களில் அந்தத் துளையில் குளவி கட்டிய மண்ணோ, உப்போ அடைத்திருக்கும். தடிமனான தூண்டில் நரம்பை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழே தண்ணீர் நுழையும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் இம்பெல்லர் மீது சந்தேகம்.

சேற்றுத் தண்ணீர் இதற்குப் பெரிய எதிரி. நம் ஆறுகளின் வண்டல் உப்புத்தாள் போல ரப்பரைத் தேய்க்கும். அதைவிட மோசமானது, தண்ணீர் இல்லாமல் கரையில் வைத்து “சும்மா ஸ்டார்ட் செய்து பார்ப்பது”. சில விநாடிகளிலேயே இதழ்கள் கருகத் தொடங்கும். அடிக்கடி ஆற்றில் இறங்கும் படகுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

உதிரிப்பாகம் வாங்கும்போது, படகில் மாட்டும் தாங்கியில் ஒட்டியுள்ள தகட்டின் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இம்பெல்லரை மட்டும் வாங்காமல் கேஸ்கட், சாவி, அடித்தகடு எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்குவதே சிக்கனம். இதழை விரலால் வளைத்துப் பார்த்து, துள்ளித் திரும்பாவிட்டால் அது கடையில் கிடந்து காய்ந்த சரக்கு.

வேலையைத் தொடங்கும் முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். அடுத்து கியர் கம்பி. பல யமஹா சிறு இயந்திரங்களில் கீழ்க்காலுக்கு மேலே, வெளியே தெரியும் நீண்ட நட்டும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். எத்தனை புரி வெளியே தெரிகிறது என்று படம் எடுத்த பிறகே கழற்ற வேண்டும். வேறு சில தயாரிப்புகளில் இணைப்பு உள்ளே மறைந்திருக்கும்.

பிறகு கீழ்க்காலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். உப்புத் தண்ணீரில் ஓடிய இயந்திரமானால் இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகி போல்ட் தலை முறிந்தால், போர்மேனிடம் போவதைத் தவிர வழியில்லை. கழன்ற பின்னும் கால் இறங்காவிட்டால் மரச் சுத்தியலால் தட்டலாம். ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினியம் உடையும்.

கால் கீழே வந்ததும், ஷாஃப்ட்டைச் சுற்றி பம்ப் மூடி தெரியும். அதன் போல்ட்டுகளைக் கழற்றி மேலே உருவினால் இம்பெல்லர் வந்துவிடும். ஷாஃப்ட்டில் அரைவட்டச் சாவி ஒன்று இருக்கும்; புல்லில் விழுந்தால் தேட முடியாது, கீழே துணி விரித்துக்கொள்ள வேண்டும். பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே குழாயில் சிக்கியிருக்கிறது என்று பொருள். அதை எடுக்காமல் புதிதைப் போட்டால் செலவு வீண். அடித்தகட்டிலும் மூடிக்குள் இருக்கும் கிண்ணத்திலும் நகம் சிக்கும் அளவு கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

புதிய இம்பெல்லரைச் சாவியோடு பொருத்தி, சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். ஷாஃப்ட்டை மேலிருந்து பார்த்து வலப்புறமாகச் சுற்றிக்கொண்டே மூடியை அழுத்தினால், இதழ்கள் தாமாகவே சரியான பக்கம் மடங்கும். அதாவது, நுனிகள் சுழற்சிக்குப் பின்னால் இழுபட வேண்டும். இதற்குப் பிறகு ஷாஃப்ட்டை இடப்புறம் திருப்பவே கூடாது.

காலைத் திரும்ப ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஷாஃப்ட்டின் பல்லில் கிரீஸ் தடவலாம், உச்சியில் தடவக் கூடாது. அங்கே கிரீஸ் அடைத்துக்கொண்டால் கால் முழுவதுமாக உட்காராது. தண்ணீர்க் குழாய் ரப்பர் வளையத்துக்குள் நேராக இறங்குகிறதா என்று ஒருவர் பார்க்க, மற்றவர் மேலே ஃப்ளைவீலை வலப்புறமாக மெல்லத் திருப்பினால் பல் மாட்டிக்கொள்ளும். போல்ட்டுகளால் இழுத்துச் சேர்க்க முயலக் கூடாது. கியர் கம்பியைப் பழைய அளவில் பூட்டி, முன், நியூட்ரல், பின் மூன்றும் விழுகிறதா என்று கையால் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, அதற்கு மேலுள்ள தட்டைத் தாண்டி நான்கு விரல் உயரம் தண்ணீர் நிற்கும் பீப்பாயில் இயந்திரத்தை இறக்கி, பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் உடனே நிறுத்திவிட்டு, முதலில் குழாய் வளையத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தவறவிடுகிறார்கள்.