வெண்காரம் விட்டுச்சென்ற விடுதிகள்

அரசு ஒரு நிலத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்துப் பாதுகாத்த பிறகே அங்குச் சாலையும் விடுதியும் பயணிகளும் வந்து சேர்வதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. கலிஃபோர்னியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் மரணப் பள்ளத்தாக்கில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. அங்கு விடுதிகள் 1926-லும் 1927-லும் திறக்கப்பட்டன. பாதுகாப்பு 1933-இல்தான் வந்தது. விடுதிகளுள் ஒன்றைக் கட்டியதும் ஒரு சுரங்க நிறுவனமே. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மழை மட்டுமே பெறுவதும், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இறங்குவதுமான இந்தப் பாலையில் யார் தங்கலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்தவை இயற்கை அழகு பற்றிய கொள்கைகள் அல்ல. ஊற்று நீரும் சரக்குப் போக்குவரத்தின் கணக்குகளுமே முடிவு செய்தன.

பள்ளத்தாக்கின் பழங்குடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இந்நிலத்தைப் பருவத்துக்கேற்பப் பயன்படுத்தினர். குளிர்காலத்தில் ஃபர்னஸ் கிரீக் எனப்படும் ஊற்றுப் பகுதியின் சமவெளியில் வாழ்ந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் மேற்கே உயரும் பனமிண்ட் மலைகளுக்குச் சென்று, இலையுதிர் காலத்தில் பைன் விதைகளைச் சேகரித்துக்கொண்டு கீழே இறங்குவது அவர்களின் வழக்கம். சமவெளியில் அவர்களின் முதன்மை உணவு மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்துச் செய்த மாவு. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் குடிக்கிறதென்று வெட்டி எறியப்படும் சீமைக் கருவேலத்துக்கு மிக நெருங்கிய உறவுடைய மரம் இது. இங்கே தொல்லையாகக் கருதப்படும் குடும்பம் அங்கே ஒரு சமூகத்தின் களஞ்சியமாக இருந்தது. 1849-இல் தங்கம் தேடிப் புறப்பட்டு வழிதவறிய குடியேற்றக் குழுவினர் இங்குச் சிக்கித் தவித்த நிகழ்விலிருந்தே பள்ளத்தாக்குக்கு இப்பெயர் வந்தது. பள்ளத்தாக்குக்குள் உயிரிழந்ததாக அக்குழுவில் அறியப்படுபவர் ஒருவர் மட்டுமே என்றாலும், பிற்காலத்தில் அப்பெயரைவிடச் சிறந்த விளம்பரம் எந்த விடுதிக்கும் கிடைக்கவில்லை.

வெளியாரை நிலையாகத் தங்கவைத்த பொருள் தங்கமன்று, வெண்காரம். பொற்கொல்லர்கள் நகையைப் பற்றவைக்கும்போது இடும் இந்த வெள்ளை உப்பு, கண்ணாடி, எனாமல், சலவைத்தூள் ஆகிய தொழில்களுக்குப் பெருமளவில் தேவைப்பட்டது. 1881-இல் ஃபர்னஸ் கிரீக் அருகே இதன் படிவுகள் கண்டறியப்பட, வில்லியம் டெல் கோல்மன் என்ற வணிகர் அவற்றை வாங்கி 1883-இல் ஹார்மனி ஆலையைத் தொடங்கினார். உப்புப் படுகையிலிருந்து மூலப்பொருளைச் சுரண்டிச் சேர்த்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். கொதிநீரில் கரைத்த கரைசலைத் தொட்டிகளில் ஆறவிட்டுப் படிகமாக்குவதே செய்முறை. ஆனால் கோடையில் அந்த வெக்கையில் கரைசல் ஆறாமலும் படிகம் கட்டாமலும் போனதால், அம்மாதங்களில் வேலை தென்கிழக்கே அமர்கோசா பகுதியிலிருந்த மற்றோர் ஆலைக்கு மாற்றப்பட்டது. பழங்குடிகள் கடைப்பிடித்த பருவ ஒழுங்குக்கு ஆலையும் இவ்வாறு பணிய நேர்ந்தது.

விளைந்த வெண்காரத்தை 165 மைல், அதாவது ஏறத்தாழ 265 கி.மீ. தொலைவிலிருந்த மொஹாவே இரயில் நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டப்பட்ட வண்டித்தொடர், ஒருவழிப் பயணத்துக்குச் சுமார் பத்து நாள் எடுத்துக்கொண்டது. ஏழடி உயரப் பின்சக்கரங்கள் கொண்ட இரண்டு சரக்கு வண்டிகளின் பின்னால், 1,200 கேலன் கொள்ளளவுள்ள தண்ணீர்த் தொட்டி ஒன்றும் இழுத்துச் செல்லப்பட்டது. வண்டியோட்டி இருபது விலங்குகளையும் ஒரே நீண்ட கயிற்றின் இழுப்பால் ஆண்டார். மலைப்பாதையின் வளைவுகளில் வண்டி உள்பக்கமாகச் சரிந்துவிடாதிருக்க, பின்வரிசைக் கழுதைகள் நடுச்சங்கிலியைத் தாண்டிக் குதித்து எதிர்ப்பக்கமாகப் பக்கவாட்டில் இழுக்கப் பழக்கப்பட்டிருந்தன. ஹார்மனி ஆலை 1888-இல் மூடப்பட்டது. எனினும் கோல்மனின் சொத்துகளைப் பெற்ற ஃபிரான்சிஸ் மரியன் ஸ்மித் 1890-இல் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனம், ஓய்ந்துபோன அந்த வண்டியையே தன் சலவைத்தூளின் வணிகச் சின்னமாக்கி அமெரிக்க வீடுகளெங்கும் கொண்டுசேர்த்தது.

அடுத்த கட்டத்தில் இரயில் வந்தது. 1914-இல் நிறுவனத்தின் ரையன் சுரங்கத்தை டெத் வேலி ஜங்ஷனோடு இணைக்கும் இருபது மைல் குறுகிய பாதை போடப்பட்டு, அங்கிருந்து சரக்கு பெரிய பாதைக்கு மாற்றப்பட்டது. ஆனால் 1920-களின் நடுவில், மொஹாவே பாலையில் பிரதான இரயில் பாதைக்கு அருகிலேயே மிக வளமான படிவு கிடைத்தது. நிறுவனம் 1927-இல் உற்பத்தியை அங்கே மாற்றிக்கொள்ள, மரணப் பள்ளத்தாக்கில் அதனிடம் எஞ்சியவை சரக்கில்லாத தண்டவாளமும், ஆளில்லாத தொழிலாளர் குடியிருப்பும், வற்றாத ஊற்றுகளின் மீதான உரிமையும்தான். சரக்குக்குப் பதிலாகப் பயணிகளை ஏற்றலாம் என்ற எண்ணம் இந்த வெறுமையிலிருந்து பிறந்தது. ரையனில் சுரங்கத் தொழிலாளர் உறங்கிய கட்டடங்களே சிறு மாற்றங்களுடன் ஓட்டலாயின. தாது ஏற்றிய சுரங்கப் பாதையில் விருந்தினர் உலாப் போயினர். இரயில் பாதை 1931-இல் நின்றுபோனது. விடுதித் தொழில் நிலைத்து நின்றது.

நிறுவனத்தை முந்திக்கொண்டவரும் ஒருவர் உண்டு. மின்பொறியாளராக இருந்து சுற்றுலாத் தொழிலுக்கு வந்த பாப் ஐக்பாம், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் மேற்கிலிருந்து மணற்குன்றுகள் வரை சுங்கச்சாலை அமைத்து, 1926 நவம்பர் 1 அன்று ஸ்டவ்பைப் வெல்ஸில் சிறு மரக்குடில்களாலான விடுதியைத் திறந்தார். காருக்கு இரண்டு டாலரும் ஆளுக்கு ஐம்பது சென்ட்டும் சாலைக் கட்டணம். மூன்று மாதம் கழித்து, 1927 பிப்ரவரி 1 அன்று நிறுவனத்தின் ஃபர்னஸ் கிரீக் விடுதி திறக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் மார்ட்டின் வரைந்த இக்கட்டடம் பன்னிரண்டு அறைகளுடன் தொடங்கியது. இதன் சுவர்களுக்கான பச்சைச் செங்கற்களை, அதாவது சூளையில் சுடாமல் வெயிலில் உலர்த்திய மண்கற்களை, வார்த்தவர்களுள் உள்ளூர்ப் பழங்குடித் தொழிலாளர்களும் இருந்தனர். ஊற்று நீர் நீச்சல் குளத்தையும் பனந்தோப்பையும் வளர்த்தது. கோடையில் விடுதி மூடப்பட்டது. அருகிலிருந்த நிறுவனப் பண்ணையில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 பாகை செல்சியஸ்தான் உலக வானிலை அமைப்பு இன்றும் ஏற்கும் அதிகபட்ச வெப்பநிலை என்பதை நினைத்தால், இதில் வியப்பில்லை.

தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மேத்தர், இளமையில் இதே வெண்கார நிறுவனத்தில் விளம்பரப் பணியாற்றியவர். கழுதை வண்டிச் சின்னத்தைப் பரப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பழைய முதலாளிக்குச் சலுகை காட்டுவதாகப் பழி வருமென அஞ்சி, பள்ளத்தாக்கைப் பூங்காவாக்கும் யோசனையை அவர் முன்னெடுக்கத் தயங்கினார். அத்தகைய தயக்கம் பதவியிலிருப்போரிடம் அரிதாகவே காணப்படுவது. அவருக்குப் பின்வந்த ஹொரேஸ் ஆல்பிரைட்டின் முயற்சியால் 1933 பிப்ரவரி 11 அன்று அதிபர் ஹூவர் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது நாடாளுமன்றச் சட்டமின்றி அதிபரின் ஆணையாலேயே பாதுகாக்கப்படும் நிலமாக, அறிவித்தார். ஏறத்தாழ நான்கு மாதங்களில் சுரங்கத் தொழிலுக்கு இது மீண்டும் திறந்துவிடப்பட்டது. பொருளாதார மந்தத்தின்போது வேலையற்ற இளைஞர்களுக்காக அமைக்கப்பட்ட அரசுப் பணிப்படை, 1942 வரை இங்கே சாலைகளும் முகாம்களும் அமைத்தது. தேசியப் பூங்கா என்ற முழுத் தகுதி 1994-இல்தான் கிடைத்தது.

இந்த வளர்ச்சியின் நடுவே, ஊற்றுக்கு உரியவர்களாக இருந்தவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். 1936-இல் டிம்பிஷா மக்களுக்கு ஃபர்னஸ் கிரீக்கில் நாற்பது ஏக்கர் கிராமம் ஒதுக்கப்பட்டு மண்வீடுகள் கட்டித்தரப்பட்டன. 1950-களின் பிற்பகுதியில் பூங்கா நிர்வாகம் கொள்கையை மாற்றிக்கொண்டது. குடும்பங்கள் கோடையில் மலைக்குச் சென்றபோது ஆளில்லாத வீடுகளின் மண்சுவர்களை நீர் பீய்ச்சிக் கரைத்தது. பருவத்தோடு இடம்பெயர்வது விடுதிக்கு வணிக முறையாகவும், பழங்குடிகளுக்குக் குடியிருக்கும் உரிமையை இழக்கும் குற்றமாகவும் ஆனது. சில குடும்பங்கள் கோடையிலும் வீட்டை விட்டு நகராமல் வெப்பத்தில் கிடந்தே தங்கள் கிராமத்தைக் காத்தன. மூதாட்டி பாலின் எஸ்டெவ்ஸ் உள்ளிட்டோரின் நீண்ட போராட்டத்தால், 1983-இல் அவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் அங்கீகாரமும், 2000-இல் தாயகச் சட்டமும் கிடைத்தன. அச்சட்டம் ஏறத்தாழ 7,700 ஏக்கர் நிலத்தை அவர்கள் பொறுப்பில் விட்டது. அதில் முந்நூறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பகுதி ஃபர்னஸ் கிரீக்கில், பூங்காவுக்குள்ளேயே உள்ளது.

நிலத்துடன் தண்ணீரும் எழுத்தில் ஒதுக்கப்பட்டது: ஃபர்னஸ் கிரீக்கில் ஆண்டுக்கு 92 ஏக்கர்-அடி, அதாவது 92 ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கக்கூடிய அளவு. தனியார் சொத்தாகவே தொடரும் பழைய நிறுவன நிலத்து விடுதியும் குழிப்பந்து மைதானமும், பூங்கா அலுவலகமும், டிம்பிஷா கிராமமும் இன்றும் அதே ஊற்றுத் தொகுதியைத்தான் நம்பியிருக்கின்றன.