எஞ்சின் எண்ணெயும் வடிகட்டியும்

எண்ணெய் டப்பாவின் மேல் எண்களைக் கண்டு நாம் விழிக்கிறோம் அல்லவா? 1911-இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தவை அவை. எண் கூடினால் எண்ணெயின் கெட்டித்தன்மை கூடும், அவ்வளவுதான். தரம் வேறு சங்கதி. அதை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 1947-இல் வகைப்படுத்தியது. ஆகவே, பெரிய எண் உயர்ந்த எண்ணெய் என்று எண்ணிவிடக் கூடாது. காரோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணையே கடையில் கேளுங்கள்.

ஆரம்பகாலக் கார்களில் வடிகட்டியே கிடையாது. சாலைப் புழுதியும் இரும்புத் தூளும் எண்ணெயில் கலந்து பேரிங்குகளை அரைத்தன. பாவம், எண்ணெயை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை! 1923-இல் சுவீட்லாண்ட், கிரீன்ஹால் என்ற இரு அமெரிக்கர் 'பியூரோலேட்டர்' என்னும் வடிகட்டியை அமைத்தனர்.

இன்றும் சிலர் புது எண்ணெய் ஊற்றிவிட்டு, காசு மிச்சம் என்று பழைய வடிகட்டியை அப்படியே விட்டுவிடுவதை நாம் பார்க்கிறோம். அது அடைத்துக்கொண்டால் ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயே எஞ்சினுக்குள் ஓடும்.