வில்லைத் தொகுதியும் ஆக்கவுரிமைப் பரிசீலனையும்: 1758 முதல் கொழும்பு 10 வரை

மாளிகாவத்தையும் மருதானையும் அடங்கிய கொழும்பு 10 அஞ்சல் வலயத்தில், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் 400 ஆம் இலக்கக் கட்டடமான சமாகம் மெதுரவில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இயங்குகிறது. புதிதாக ஒன்றை ஆக்கியவர் இலங்கையில் அதற்கு ஆக்கவுரிமை வேண்டினால் இந்த அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு புதிய பொறியை வரைபடத்தைப் பார்த்தே ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். பல வில்லைகளைக் கொண்ட ஒளியியல் தொகுதி அப்படிப்பட்டதன்று. அதன் உறுப்புகள் அனைத்தும் பழையவை. குவிவு வில்லையும் குழிவு வில்லையும் நெடுங்காலமாக அறியப்பட்டவை; கண்ணாடி வகைகள் உற்பத்தியாளரின் பட்டியலிலேயே இருக்கின்றன. புதுமை இருக்குமானால் அது வரிசையிலும் இடைவெளியிலும் வளைவின் அளவிலும்தான் இருக்கும். அந்தப் புதுமையைச் சோதிக்கும் முறை எப்படி வளர்ந்தது, அந்த வளர்ச்சி இலங்கைக்கு எந்த வடிவில் வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முந்தைய ஆவணங்களைத் தேடும் வேலையை வெளிநாட்டு அலுவலகம் ஒன்று நமக்காகச் செய்து தரலாம். அந்த ஆவணங்களில் உள்ள எண் அட்டவணையை வாசித்துத் தீர்மானிக்கும் வேலை இங்கேயே நடக்க வேண்டும் என்பது எனது வாதம்.

மேசைக்குள் இருந்த கண்டுபிடிப்பு

வெள்ளொளி கண்ணாடியில் முறியும்போது நிறங்களாகப் பிரிகிறது. இதனால் ஒற்றை வில்லை தரும் விம்பத்தின் ஓரங்களில் நிறக்கரை படிகிறது. வில்லைகளைக் கொண்டு இக்குறையை நீக்க முடியாது என்று கருதிய நியூட்டன் ஆடித் தொலைநோக்கியின் பக்கம் திரும்பினார். 1733 அளவில் எசெக்ஸைச் சேர்ந்த செஸ்டர் மூர் ஹால் என்ற சட்டத்தரணி, கிரவுன் கண்ணாடியாலான குவிவு வில்லையையும் பிளின்ட் கண்ணாடியாலான குழிவு வில்லையையும் இணைத்தால் ஒன்றின் நிறப்பிரிகையை மற்றது ஈடுசெய்யும் என்று கண்டார். இரகசியம் வெளியே போகாதிருக்க இரு வில்லைகளையும் இரு வேறு கடைகளில் செய்யக் கொடுத்தார். அந்த இரு கடைக்காரரும் வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே தொழிலாளியிடம் ஒப்படைத்தார்கள். ஹால் தமது ஆக்கத்தை வெளியிடவுமில்லை, அதற்கு உரிமை கோரவுமில்லை.

1758 இல் அதே தத்துவத்துக்கு ஆக்கவுரிமை பெற்றவர் ஜோன் டொலண்ட். பட்டு நெசவிலிருந்து ஒளியியலுக்கு வந்தவர் அவர். அவ்வாண்டிலேயே ரோயல் சொசைட்டி அவருக்கு கொப்லி பதக்கம் வழங்கியது. 1761 இல் அவர் இறந்தபின் மகன் பீற்றர் டொலண்ட் அந்த உரிமையைக் கடுமையாக நடைமுறைப்படுத்தத் தொடங்கினார். 1764 இல் இலண்டனின் கண்ணாடித் தொழிலாளர் 35 பேர், ஹால் முன்பே இதைக் கண்டறிந்தார் என்று சொல்லி உரிமையை நீக்கக் கோரி பிரிவி கவுன்சிலுக்கு மனுச் செய்தார்கள். 1766 இல் சாம்ப்னிஸ் என்பவருக்கு எதிரான வழக்கில் நீதிமன்றம் டொலண்டின் பக்கம் நின்றது. ஹால் முந்தியவர் என்பதை அது மறுக்கவில்லை. கண்டுபிடிப்பை மேசைக்குள் பூட்டி வைத்தவர் அதன் பயனுக்கு உரியவரல்லர், பொதுமக்களுக்குக் கொண்டுவந்தவரே உரியவர் என்பதே தீர்ப்பின் அடிப்படை.

இரண்டே வில்லைகளைப் பற்றிய இந்த வழக்கு ஆக்கவுரிமை வரலாற்றில் அழுத்தமான தடம் பதித்தது. புதுமை என்பது தனிமனித அறிவைப் பொறுத்ததன்று, பொது அறிவைப் பொறுத்தது என்ற நிலைப்பாடு இங்கே தெளிவாகிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 64 ஆம் பிரிவில் அதே நிலைப்பாட்டை இன்னும் விரிவாக்குகிறது. விண்ணப்பத் திகதிக்கு அல்லது முன்னுரிமைத் திகதிக்கு முன், உலகின் எப்பகுதியிலும் எழுத்தாலோ பேச்சாலோ பயன்பாட்டாலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்ட எதுவும் முன்னறிந்ததாகவே கொள்ளப்படும். இந்த அளவுகோலை 1758 இல் வைத்திருந்தால், பாஸின் பட்டறையில் என்ன நடந்தது, அங்கே யார் யார் அதைப் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு நீதிமன்றம் நின்று பதில் தேடியிருக்க வேண்டும். டொலண்டின் உரிமை அதைத் தாண்டியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

வரைபடத்திலிருந்து எண்ணுக்கு

டொலண்டின் காலத்தில் வில்லை செய்வது கைப்பக்குவம். 1840 இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் அதைக் கணக்காக மாற்றினார். பீரங்கிப் படையின் கணக்கர்களை உதவிக்கு வைத்துக்கொண்டு அவர் வடிவமைத்த உருவப்பட வில்லை எஃப்/3.6 என்ற அகலத் துவாரம் கொண்டது. அதுவரை பல நிமிடம் எடுத்த படப்பிடிப்பு வெகுவாகக் குறுகியது. 1875 இல் இலங்கைக்குக் குடிவந்து 1879 இல் இங்கேயே காலமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், இங்கிலாந்தில் தமது முதற் கமராவில் பயன்படுத்தியது பெட்ஸ்வால் வகை வில்லையைத்தான். 1866 இலிருந்து அவர் கையாண்டது டால்மயரின் ராபிட் ரெக்டிலீனியர் வில்லை. துவாரத்தின் இரு புறமும் ஒரே மாதிரியான இரட்டை வில்லைகளை வைத்த அந்த அமைப்பை, அதே 1866 இல் மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் தனியாகவே ஆக்கியிருந்தார். யார் முந்தியவர் என்ற சண்டை அப்போது எழுந்தது. ஒரே கணக்கை இருவர் போட்டால் ஒரே விடைதானே வரும்? வில்லைத் தொகுதிகளின் பரிசீலனை இன்றும் இந்த உண்மையோடுதான் மல்லுக்கட்டுகிறது.

1893 இல் யோர்க் நகர குக் நிறுவனத்தின் டென்னிஸ் டெயிலர் உரிமை கோரிய மூவில்லை அமைப்பு இந்த வரலாற்றில் மிக அழகான படி. இரு குவிவு வில்லைகளுக்கு நடுவே ஒரு குழிவு வில்லை, மூன்றும் காற்றிடைவெளியோடு. மூன்று வில்லைகளுக்கு ஆறு வளைபரப்புகள், இரண்டு இடைவெளிகள்: ஆக வடிவமைப்பாளரின் கையில் எட்டு மாறிகள். அவர் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளும் எட்டே. சைடல் வகுத்த ஐந்து விம்பக் குறைகள் (பிறழ்வுகள்), இரு நிறப்பிறழ்வுகள், வேண்டிய குவியத் தூரம். இதைவிடக் குறைந்த வில்லைகளால் அத்தனையையும் ஒருங்கே திருத்த இடமில்லை. டெயிலரின் ஆக்கவுரிமை விவரணத்தை வாசிப்பவர் ஓர் உருவத்தை மட்டும் பெறுவதில்லை. ஏன் அந்த உருவம் வேலை செய்கிறது என்ற காரணத்தையும் பெறுகிறார்.

ஆனால் அந்த விவரணம் புதியதா என்று பிரித்தானிய அலுவலகம் தேடிப் பார்க்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1836 இலிருந்தும் ஜேர்மனியில் 1877 இலிருந்தும் பரிசீலனை இருந்தது. பிரித்தானியாவிலோ 1902 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், 1905 இல்தான் முந்தைய 50 ஆண்டுகளின் பிரித்தானிய விவரணங்களில் தேடும் வழக்கம் தொடங்கியது. 1902 இல் சைஸ் நிறுவனத்தின் போல் ருடொல்ஃப் நான்கு வில்லைகளை மூன்று குழுக்களாக அடுக்கிய டெஸ்ஸாருக்கு ஜேர்மனியில் உரிமை பெற்றார். டெயிலரின் மூன்றோடு ஒரு வில்லையைக் கூட்டியதா, வேறு மரபிலிருந்து வந்ததா என்று ஒளியியல் வரலாற்றாசிரியர்கள் பலகாலம் வாதிட்டார்கள். பரிசீலகரின் கேள்வியும் அதே வடிவம் கொண்டது: தெரிந்த அமைப்பில் ஒரு வில்லை கூடினால் அது இயல்பான நகர்வா, புத்தாக்கப் படியா?

வில்லைகளை மேலும் கூட்டத் தடையாயிருந்தது ஒளியிழப்பு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிப் போகிறது. எட்டுப் பரப்புகளைக் கடந்தால் எஞ்சுவது சுமார் 72 சதவீதம். 1935 இல் சைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கிய தெறிப்பெதிர்ப் பூச்சு இத்தடையை நீக்கியது. பின்னர் கணினி வந்தது. அதன்பின் அச்சில் வார்த்தெடுக்கும் பிளாஸ்டிக் வில்லை வந்தது. 2016 இல் ஐபோன் 7 ஆறு வில்லைகளோடும் 2020 இல் ஐபோன் 12 ஏழு வில்லைகளோடும் வெளியாகின.

இலங்கைச் சட்டம் நடந்த வழி

இலங்கையில் ஆக்கவுரிமைச் சட்டத்தின் தொடக்கம் 1859 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதன் பின் 1906 ஆம் ஆண்டின் ஆக்கவுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்தின் பின், 1952 இல் இலங்கை பாரிஸ் சமவாயத்தில் இணைந்தது. வேறொரு நாட்டில் விண்ணப்பித்தவர் 12 மாதங்களுக்குள் இங்கு விண்ணப்பித்தால் முதல் திகதியே கணக்கில் கொள்ளப்படும் என்ற முன்னுரிமை விதி அதன் வழி வந்தது. 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை. அடுத்த இலக்கமான 53 இலேயே ஆக்குநர் ஊக்குவிப்புச் சட்டமும் நிறைவேறியது என்பதைக் கவனிக்க வேண்டும். உரிமையைப் பதிவதும் உள்ளூர் ஆக்குநரை வளர்ப்பதும் ஒரே நோக்கின் இரு பாதிகளாக அன்று காணப்பட்டன. 1982 இல் ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. இன்று நடைமுறையிலுள்ள 2003 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டு நவம்பரில் அமுலுக்கு வந்தது. உரிமைக் காலம் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள்.

இச்சட்டத்தின் கீழ் விண்ணப்பதாரருக்கு இரண்டு வழிகள் உண்டு. சர்வதேச வகைத் தேடல் அறிக்கையைச் சமர்ப்பிக்கலாம். அல்லது விண்ணப்பத்தை உள்ளூர்ப் பரிசீலகருக்கு அனுப்பும்படி கேட்கலாம். முதல் வழி, எல்லாத் தொழினுட்பங்களிலும் ஆழ்ந்த பரிசீலகர்களை வைத்திருக்க முடியாத சிறிய அலுவலகத்துக்கு நியாயமான வழிதான். தேடல் அறிக்கையில் முந்தைய ஆவணங்கள் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்துக் குறி இருக்கும். எக்ஸ் என்றால் அந்த ஆவணம் தனியாகவே உரிமைக் கோரிக்கையை வீழ்த்தக்கூடியது. வை என்றால் இன்னொன்றோடு சேர்ந்து. ஏ என்றால் பின்னணி மட்டும். ஒரு கதவுப் பூட்டுக்கு இந்தக் குறியே பெரும்பாலும் போதும். வில்லைத் தொகுதிக்குப் போதாது.

அட்டவணையை வாசித்தல்

இக்கால வில்லைத் தொகுதி விண்ணப்பங்களின் உரிமைக் கோரிக்கை ஏறத்தாழ ஒரே பாணியில் வருகிறது. பொருளின் பக்கத்திலிருந்து விம்பத்தின் பக்கம்வரை வில்லைகள் வரிசையாகச் சொல்லப்படும். எது குவிக்கும், எது விரிக்கும், எந்தப் பரப்பு அச்சருகே குவிந்தது என்பன குறிக்கப்படும். கடைசியில் சில விகித நிபந்தனைகள். முழுத் தொகுதியின் குவியத் தூரத்தை முதல் வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் 1.0 க்கும் 1.5 க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது போல. அளவுகளை மில்லிமீற்றரில் சொல்லாமல் விகிதத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தொகுதியை முழுமையாகப் பெருப்பித்தாலும் சிறுப்பித்தாலும் விகிதங்கள் மாறுவதில்லை. எனவே ஒரு பெரிய கமராவுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விவரணமும் இன்றைய கைபேசி வில்லையின் புதுமையை அழிக்கக்கூடும்.

அந்தப் பழைய விவரணத்தில் இதே விகிதம் எழுதப்பட்டிருப்பது அரிது. அங்கே இருப்பது ஓர் அட்டவணை: ஒவ்வொரு பரப்பின் வளைவாரை, தடிப்பு, முறிவுச் சுட்டி, நிறப்பிரிகையின் அளவைக் காட்டும் அபே எண், கோளமல்லாத பரப்பாயின் அதன் குணகங்கள். பரிசீலகர் அதிலிருந்து தாமே கணக்கிட வேண்டும். முழுக் குவியத் தூரம் 4 மில்லிமீற்றர், முதல் வில்லையினது 3.2 மில்லிமீற்றர் என்று வந்தால் விகிதம் 1.25, கோரிக்கை சொல்லும் எல்லைக்குள் அது விழுந்துவிடுகிறது. பழைய ஆசிரியர் அந்த விகிதத்தை நினைத்தே பார்க்காதிருக்கலாம். அதனால் வேறுபாடு இல்லை. அட்டவணையில் அது அடங்கியிருக்கிறது. எண் சற்றே வெளியே விழும்போதுதான் கடினமான கேள்வி வருகிறது. 1955 இல் ஆலர் வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலைமைகள் தெரிந்திருக்கையில் வழமையான சோதனையால் சிறந்த அளவைக் கண்டுபிடிப்பது புத்தாக்கம் ஆகாது என்றது. ஆனால் வில்லையில் ஒரு வளைவை மாற்றினால் மற்ற எல்லாப் பிறழ்வுகளும் அசைகின்றன. ஓர் எண்ணை நகர்த்துவது எப்போது வழமை, எப்போது அறிவு என்று சொல்ல ஒளியியல் தெரிந்த கண் வேண்டும்.

அந்தக் கண்ணின் தேவையை 2022 ஜூலையில் அமெரிக்க பெடரல் சேர்கிற் நீதிமன்றம் தீர்த்த எல்ஜி – இமர்விஷன் வழக்கு உலகுக்குக் காட்டியது. மொன்றியலைச் சேர்ந்த இமர்விஷனின் அகலக்கோண வில்லை உரிமையை எல்ஜி எதிர்த்தது. அதற்காக, டாடா என்பவரின் முந்தைய உரிமைப் பத்திரத்திலிருந்த 5 ஆம் அட்டவணையின் எண்களைக் கொண்டு எல்ஜியின் நிபுணர் அந்த வில்லையைக் கணினியில் மீளக் கட்டினார். விகிதம் கோரிக்கைக்குள் வந்தது. மறுதரப்பு நிபுணரோ அதே எண்களால் விம்பம் சிதைந்து வருவதைக் கண்டார். ஜப்பானிய மூல விண்ணப்பத்தைத் தேடிப் பார்த்தபோது, வேறொரு அட்டவணையின் கோளமல்லாப் பரப்புக் குணகங்கள் தவறுதலாக இங்கே படியெடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. திறமையுள்ள தொழினுட்பவியலாளர் அதைப் பிழை என்று கண்டு ஒதுக்கியிருப்பார். ஆகவே அது முன்னறிந்த தகவலாகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். அத்தகைய பிழையை ஒதுக்கலாம் என்ற அளவுகோலை நீதிபதி நியூமன் ஏற்றார். ஆனால் மணிக்கணக்கான நிபுணத்துவ வேலைக்குப் பின்னரே தெரியவந்த பிழை வெளிப்படையானது ஆகாது என்று மாறுபட்டார். அவர் எழுப்பிய கேள்வி வலுவானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் பெரும்பான்மையின் முடிவே சரி. வில்லை வடிவமைப்பாளர் எண்களை அப்படியே நம்புவதில்லை. கதிர்களைத் தடந்தொடர்ந்து விம்பத்தைப் பார்த்த பின்னரே நம்புகிறார்.

கொழும்பில் செய்ய வேண்டியது

டாடாவின் பத்திரம் ஒரு தேடல் அறிக்கையில் எக்ஸ் குறியோடு கொழும்புக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? குறியை மட்டும் நம்பினால் நல்ல ஆக்கம் ஒன்று தள்ளப்பட்டிருக்கும். மாறாக, விகிதம் எழுத்தில் இல்லை என்பதற்காக ஏ குறி பெற்ற ஓர் ஆவணத்தின் அட்டவணை, கோரிக்கையை முழுமையாகவே அடக்கியிருக்கவும் கூடும். அப்போது பழைய அறிவுக்கு 20 ஆண்டுத் தனியுரிமை கிடைத்துவிடும்; பிறகு அதை வெறிதாக்க ஒருவர் செலவு செய்து நீதிமன்றம் ஏற வேண்டும். சிறு முதலீட்டோடு கமராத் துணைக்கருவி செய்ய நினைக்கும் உள்ளூர் இளைஞருக்கு அந்தச் செலவே கதவை மூடிவிடும்.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. அச்சருகுக் கதிர்க் கணக்கு உயர்தரப் பௌதிகவியலின் வில்லைச் சமன்பாட்டிலிருந்து சில படிகளே தள்ளியது. கதிர்த்தடம் போடும் மென்பொருள் சாதாரணக் கணினியில் இயங்கும். கொழும்பு, மொரட்டுவப் பல்கலைக்கழகங்களில் பௌதிகவியலும் பொறியியலும் கற்பிப்போர் இருக்கிறார்கள். ஜப்பான் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கியை இயக்கும் ஆர்தர் சி. கிளார்க் நிலையம் மொரட்டுவையிலேயே இருக்கிறது. உள்ளூர்ப் பரிசீலகருக்கு அனுப்பும் வழியைச் சட்டம் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது. வெளிநாட்டுத் தேடல் அறிக்கை வந்த விண்ணப்பங்களுக்கும் அதை விரித்து, வில்லைத் தொகுதி ஒவ்வொன்றிலும் மேற்கோள் காட்டப்பட்ட ஆவணத்தின் அட்டவணையை மீளக் கணக்கிட்ட ஒரு பக்கக் குறிப்பைக் கோப்பில் சேர்ப்பதை நடைமுறையாக்கலாம். குவியத் தூரங்கள், நிபந்தனை விகிதங்கள், விம்பம் உண்மையில் உருவாகிறதா என்ற சோதனை, மூல விண்ணப்பத்தோடு எண்கள் ஒத்துப்போகின்றனவா என்ற சரிபார்ப்பு ஆகியன அதில் இருக்க வேண்டும். உரிமை மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர் எந்த எண்ணால் மறுக்கப்பட்டார் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து அறிந்து, அதே எண்ணைக் கொண்டே பதில் எழுத முடியும்.