முறிந்த விற்பனையும் தரகுக் கூலியும்
மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வீடு, மனை விற்பனையைத் தரகர் வழியே பேசி முடிப்பது பழைய வழக்கம். தரகு எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுவர். அது எப்போது சேரும் என்பதைப் பேசுவோர் குறைவு. முன்பணம் கொடுத்தபின் விற்பனை முறிந்தால் தகராறு அங்கேதான் தொடங்கும்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவுப்படி, தனி ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்படைத்த செயல் முடியும்வரை முகவருக்கு ஊதியம் சேராது. அந்தச் செயல் எது? ஆளைத் தேடித் தருவதா, பத்திரம் பதிவாவதா?

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு வந்த ஒரு வழக்கில், திரையரங்குகளின் விற்பனை நிறைவேறினால் 10,000 பவுண்டு தரகு என்பது பேச்சு. உரிமையாளர்கள் பின்வாங்கினர், தரகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

1950இல் இந்திய உச்ச நீதிமன்றம் விசாரித்த கல்கத்தா வழக்கு வேறு வகை. அம்ரதல்லா தெருவிலுள்ள சொத்துக்கு ஆள் தேடித் தந்தால் கூலி என்று 1943 மே மாதம் உரிமையாளர் எழுதிக்கொடுத்திருந்தார். ஒரு மாதக் கெடுவுக்குள் தரகர் 1,10,000 ரூபாய்க்கு இருவரைக் கொண்டுவந்தார். உரிமையாளரோ தரகரை விலக்கிவிட்டு, அவ்விருவர் காட்டிய ஆளுக்கே டிசம்பரில் 1,05,000 ரூபாய்க்கு விற்றார். தரகருக்குக் கூலி உண்டு என்று தீர்ப்பானது, நியாயமான தீர்ப்புதான். அமர்விலிருந்த எம். பதஞ்சலி சாஸ்திரி, முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர்.

முன்பணத்தன்று பாதி, பதிவன்று மீதி என்று தரகைப் பிரித்துக்கொள்வோரும் உண்டு. பதிவு நின்றுபோனால் முதல் பாதி திரும்புமா என்பதை அவர்களும் பெரும்பாலும் எழுதிக்கொள்வதில்லை.