இதய மாற்று அறுவை சிகிச்சை: ஒரு வேளை மாத்திரையைக்கூட ஏன் தவறவிடக் கூடாது?

மூளைச்சாவு அடைந்தவரின் இதயம் இன்னொருவருக்குப் பொருத்தப்பட்டது என்ற செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். ஆம்புலன்ஸ் பறக்கும், டாக்டர்கள் பேட்டி கொடுப்பார்கள், அதோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் இதயம் பெற்றுக்கொண்டு திருவெறும்பூருக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு அதன் பிறகுதான் வேலையே ஆரம்பம். ஆயுள் முழுக்க மாத்திரை.

ஏன்? உடம்பின் நோய் எதிர்ப்பு சக்திக்கு, வந்திருப்பது தானமாகக் கிடைத்த இதயம் என்று தெரியாது. கிருமியைத் தாக்குவது போல அதையும் தாக்கும். அதை அடக்கி வைக்கத்தான் மருந்து. ரொம்ப அடக்கினாலும் ஆபத்து. 1967 டிசம்பர் 3ஆம் தேதி கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் இதய மாற்றைச் செய்தார். இதயம் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள்தான் உயிரோடு இருந்தார். புது இதயம் நன்றாகவே துடித்தது; அவர் இறந்தது நிமோனியாவால். நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின், 1983ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகே நிலைமை மாறியது. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழு இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தது 1994 ஆகஸ்டில்.

இப்போது என்ன மருந்து?

பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன். இதில் டாக்ரோலிமஸ்தான் கறார் பேர்வழி. ரத்தத்தில் அளவு குறைந்தால் இதயத்துக்கு ஆபத்து, கூடினால் கிட்னிக்கு. அதனால்தான் பொதுவாக 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை தருகிறார்கள். அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, காலை மாத்திரைக்கு முன்பு எடுக்க வேண்டியது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னைக்கு செக்கப் போகிறவர், இறங்கியதும் பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டால் ரிசல்ட் தப்பாக வரும். ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையும் வினையாகலாம். எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும். பம்பளிமாஸ் பழம்கூட வேண்டாம். நாட்டு மருந்தையும் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

வலிக்காது, கவனம்

ஆபரேஷனில் இதயத்தின் நரம்புகள் அறுபடுவதால், ரத்தக்குழாய் அடைத்தாலும் பலருக்கு நெஞ்சு வலிக்காது. உடம்பு இதயத்தை நிராகரிப்பதும் தொடக்கத்தில் வெளியே தெரியாமல் போகலாம். அதனால்தான் கழுத்து ரத்தக்குழாய் வழியாகச் சென்று இதயத் தசையில் துளி எடுத்துப் பார்க்கிறார்கள். மூச்சு வாங்கல், கால் வீக்கம், திடீர் எடை, காய்ச்சல் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனை. திருச்சி அரசு மருத்துவமனையானாலும் சரி, முதலில் சொல்ல வேண்டியது "இதயம் மாற்றியிருக்கு" என்பதைத்தான்.

மாத்திரை மறந்துபோச்சா? அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு உடனே போன் போட்டுக் கேட்க வேண்டும்.