உஸ்மானிய வில்லும் பழுது பார்ப்போரும்

அன்ஃபால் அத்தியாயம் கூறும் ‘ஆற்றல்’ என்பது அம்பெய்தலே என நபி (ஸல்) அவர்கள் விளக்கியருளியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. 1453இல் இஸ்தான்பூலை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, ஒக்மெய்தானை வில்லாளர்க்கு ஒதுக்கியதை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

உஸ்மானிய வில்லின் நடுவே மேப்பிள் மரம். எய்பவரை நோக்கிய பக்கம் எருமைக் கொம்பு. மறுபக்கம் விலங்கின் தசைநார். கொம்பு அமுக்கத்தைத் தாங்கும். நார் இழுவிசையைத் தாங்கும். மூன்றையும் பிணைப்பது விலங்குப் பசை. நாணைக் கழற்றினால் வில் எதிர்ப்புறமாகச் சுருண்டுகொள்ளும். இதை அறியாதார் தலைகீழாக நாண் பூட்டி முறித்துவிடுவதுண்டு.

பழைய வில்லை ஆர்வத்தால் பழுது பார்ப்போர் அதனை மிதமாகச் சூடேற்றி, அவசரமின்றிச் சிறிது சிறிதாக நிமிர்த்துவர். பெயர்ந்த நாரை ஒட்ட விலங்குப் பசையே ஏற்றது. ஈரத்தில் நெகிழ்வதால் பின்னொருவர் அதைப் பிரித்துத் திருத்தலாம். இன்றைய செயற்கைப் பசைக்கு அக்குணம் இல்லை.

எனினும், செய்தவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பொறித்த வில்லில் நாண் பூட்டுவது எனக்கு உடன்பாடன்று. ஒருமுறை முறிந்தால் அந்தக் கைத்திறனின் சான்றே அழியும். இரண்டாம் மஹ்மூது காலத்து முஸ்தஃபா கானீ வில்வித்தை பற்றி எழுதிய நூல் நம்மிடம் உள்ளது; எய்ய விரும்புவோர் அதைக் கற்றுப் புதிய வில்லைச் செய்துகொள்ளட்டும்.